ராக்காயி திறந்த பிள்ளைக் காம்பரா

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி மலையேறினால் வருகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், ராக்காயியின் குரலைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்களை எழுப்பத் தப்படிக்கிறவனுக்கு அவள்மேல் தீராத பொறாமை. தன் தப்புக்கு அசையாத வரிசை வீட்டு லயம், அவள் அடுப்போடு சண்டை போடுகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறதே என்று அவன் வாய்விட்டே சொல்லியிருக்கிறான். ஈர விறகைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், காலில் ஏறும் அட்டையைத் திட்டுவாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத புருஷன் நல்லமுத்துவை, அவன் பேசாததற்காகவே திட்டுவாள். பிள்ளைகளையும் திட்டுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்களுக்கு அது கொஞ்சலாகத்தான் கேட்டது.

அவளுக்கு வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. லயத்துக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. உத்தரத்திலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரு மூலையில் கஞ்சி அடுப்பு. நடுவில் ஒரு காலை நீட்டிக்கொண்டு ராக்காயி உட்கார்ந்தால் மடியில் ஒன்று, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒன்று, நீட்டிய காலில் குதிரை ஏறிக்கொண்டு ஒன்று என்று பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும். ராக்காயியிடம் வளர்கிற பிள்ளை முதலில் 'அம்மா' என்று சொல்லாது, 'சனியனே' என்றுதான் சொல்லும் என்று தாய்மார் சொல்லிச் சிரிப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அவளுக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. கலியாணமான புதிதில் கதிர்காமத்துக்குப் போய் வேண்டிக்கொண்டாள், மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் கொழுந்தெடுப்பதில் அவள் கைவேகத்தைத் தோட்டமே பேசியது. ஒரு மழை நாளில் நிறைந்த கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியதே தவிர கால் நேராகவில்லை. மலையேற முடியாதவளைப் பிள்ளைக் காம்பராவில் போடு என்று அப்போதிருந்த துரை சொன்னார். லயமே அவளைப் பார்த்துப் பாவம் என்றது. அவளோ சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உடைந்த முழங்காலை ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சந்தோஷமான மனுஷி. அப்படி அவளே சொல்லியிருக்கிறாள்.

முப்பத்தொன்றாம் வருஷத்தில் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனது. எல்லாத் தோட்டங்களிலும் ஆட்களைக் குறைத்தார்கள். கணக்கில் பேர் இல்லாத ஒருவரை லயத்தில் தங்க வைத்தால், தங்க வைத்த குடும்பத்துக்கு வேலையிலிருந்து நிறுத்துகிற பத்துச்சீட்டு என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு தோட்டத்தில் ஆள் எடுப்பாரில்லை, ஊருக்குத் திரும்பினால் காணி நிலமில்லை. மச்சான் வந்தாலும் மாமியார் வந்தாலும் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்து, பொழுது சாயுமுன் அனுப்பிவைக்கிற காலமாக இருந்தது. அனுப்பிவிட்டு வாசல் இஸ்தோப்பில் நின்று அழுகிற காலமாகவும் இருந்தது.

அந்த வருஷத்து ஆடி மழையில்தான் செல்லசாமி கங்காணி இரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தங்கை கலியாணத்துக்கு ராமநாதபுரத்துப் பக்கம் போயிருந்தவர். அங்கே அவருடைய ஊர்க்காரர்கள் சிலர் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து கோயில் மண்டபத்தில் கிடந்தார்கள். பர்மாவில் கலகம் மூண்டு பட்டாளம் இறங்கியிருந்தது. கலகக்காரர்கள் ஒருபக்கம் கிராமத்தைக் கொளுத்தினார்கள், பட்டாளம் மறுபக்கம் சுட்டது. கடன் கொடுத்த தமிழன்மேல் இருந்த கோபம், நாற்று நட்டுப் பிழைத்த தமிழன் மேலும் விழுந்தது. ஓடி வந்தவர்களை மழை பொய்த்த சொந்த ஊர் எத்தனை நாள் வைத்துச் சோறு போடும்? கங்காணிக்கு மனசு கேட்கவில்லை. இலங்கையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று, துரையைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற அவசரத்தை அவரும் செய்தார்.

துரை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். புதுப் பேர் ஒன்றுகூடப் பதிய முடியாது, காலை ரயிலில் திருப்பி அனுப்பு. கங்காணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வந்தவர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். சோலைமலையும் அவன் குடும்பமும் ஒருபக்கம். வீரய்யா, அவன் மனைவி மீனம்மா, அவர்களுடைய ஐந்தாறு வயதுப் பெண் மனோரஞ்சிதம் இன்னொரு பக்கம். லயத்தில் எல்லாக் கதவுகளும் அரைவாசி திறந்திருந்தன. எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. பத்துச்சீட்டுப் பயம் அப்படி.

ராக்காயி பிள்ளைக் காம்பராவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிறுபெண் தலையில் மூட்டையோடு நிற்பது அவள் கண்ணில் பட்டது. நிற்கிற இடத்திலாவது இறக்கி வைக்கலாமல்லவா? இறக்கவில்லை. யாரோ 'ஓடு' என்று சொல்லப் போகிறார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. ராக்காயி நொண்டிக்கொண்டே கங்காணியிடம் போனாள்.

"மழையில நிக்கிறது மனுஷங்களா மாடா, கங்காணி?"

"நான் என்னா செய்ய ராக்காயி? லயத்துல ஏத்தக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு."

"லயத்துலதானே ஏத்தக் கூடாது? இது லயமில்ல, புள்ளக் காம்பரா."

பூட்டைத் திறந்துவிட்டாள். தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சி அவளே சிரித்துக்கொண்டாள். கஞ்சி அடுப்பு திரும்பப் புகைந்தது. லயத்திலிருந்து யாரோ ஒரு கம்பளியைக் கதவுக்குள் எறிந்துவிட்டு ஓடினார்கள். யாரென்று முகம் காட்டவில்லை. இன்னொரு கை கொஞ்சம் உப்பும் மிளகாயும் வைத்துவிட்டுப் போனது. நனைந்த சேலைகளைத் தொட்டில் கயிறுகளில் காயப்போட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சாக்கு விரித்துக் கொடுத்தும் அவர்கள் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, மூட்டையை மடியில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். இதென்ன பழக்கம் என்று ராக்காயி மீனம்மாவிடம் கேட்டாள். மீனம்மா சொன்னாள். ஐராவதி ஆற்றங்கரையில் அவர்கள் குடிசை இருந்ததாம். கலகம் வந்தபிறகு எந்த நேரம் ஓட வேண்டியிருக்கும் என்று தெரியாததால் பிள்ளைகளை அப்படித்தான் தூங்கப் பழக்கினார்களாம். ஓட வேண்டிய நேரமும் வந்தது. கொட்டிலில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடக்கூட நேரமில்லை என்றாள். வீடு போனதைச் சொல்லும்போது அழாதவள், அந்த மாட்டைச் சொல்லும்போது அழுதாள். ராக்காயி வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். மேற்கணக்கில் அது அபூர்வம்.

"இத்துனூண்டு புள்ளைக்கு மனோரஞ்சிதம்னு இம்மாம் நீளப் பேரா? கூப்புடுறதுக்குள்ள விடிஞ்சிரும். ரஞ்சின்னு வச்சிக்குவோம்" என்றாள் கடைசியில். பிள்ளையின் மடியிலிருந்து மூட்டையை மெல்ல எடுத்து அந்த இடத்தில் தன் நீட்டிய காலை வைத்தாள். பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு தூங்கியது. காலும் மரத்துப்போனது.

காலை ரயிலுக்கு அவர்கள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. விடியுமுன் பெரியவர்கள் காட்டோரம் போய் ஒளிந்துகொள்வார்கள். பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகக் கலந்துவிடும். துரை குதிரையில் வரும்போது ராக்காயி வாசலுக்கு வந்து நின்று, 'எல்லாம் நல்லா இருக்குங்க தொரைங்களே' என்று கும்பிடுவாள். அவள் நின்றால் அந்த வாசலில் வேறு ஒருவர் உள்ளே எட்டிப்பார்க்க இடமிருக்காது. கடவுள் தனக்கு இந்த உடம்பைக் கொடுத்தது சும்மா இல்லை என்று அவள் நல்லமுத்துவிடம் சொன்னாள். அவன் வழக்கம்போலத் தலையாட்டினான்.

சோற்றுக்கு என்ன வழி? லயத்தில் நாலு சாதி இருந்தது. ஒருவர் ஆக்கிய சோற்றை இன்னொருவர் தொடமாட்டார். வந்தவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்கவும் சிலர் வாயெடுத்தார்கள். ராக்காயி யாரிடமும் சோறு கேட்கவில்லை. அரிசி போடுகிற சனிக்கிழமையன்று முறத்தை எடுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக, காம்பரா காம்பராவாகப் போனாள். வேகாத அரிசிக்குச் சாதி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு பிடி விழுந்தது. எல்லா வீட்டு அரிசியும் ஒரே முறத்தில் கலந்தது. அதை ஒரே பானையில் போட்டு மீனம்மா ஆக்கினாள். இப்போது இது எந்தச் சாதிச் சோறு என்று ராக்காயி பானையைத் தட்டிக் கேட்டாள். கடைசிக் காம்பரா அன்னம்மா, எச்சில் கையால் காக்கை விரட்டாதவள் என்று பேர் வாங்கியவள், முறத்தைப் பார்த்ததும் திட்டிக்கொண்டே உள்ளே போய் எல்லாரையும்விட அதிகமாகக் கொண்டுவந்து கொட்டினாள். இதை யாரிடமாவது சொன்னால் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் சொல்லி வைத்தாள்.

வட்டவளைக் கடைக்காரர் லெட்சுமணபிள்ளை சாக்குகளும் ஒரு கட்டுக் கருவாடும் கொடுத்துவிட்டார். கீழே கிராமத்தில் ராக்காயிக்கு ஒரு சிங்களத் தோழி உண்டு. இவளுடைய சிங்களம் அவளுக்கும், அவளுடைய தமிழ் இவளுக்கும் பாதிதான் விளங்கும். அந்தப் பாதியிலேயே விஷயம் தெரிந்துகொண்டு, அந்த அம்மா ஒரு பலாக்காயைத் தலையில் வைத்து மழையில் ஏறி வந்தாள்.

கங்காணியும் சும்மா இருக்கவில்லை. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் மைத்துனர் இருந்தார். ஆவணி பிறந்ததும் ஒரு குடும்பத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. சோலைமலை குடும்பம் போனது. வீரய்யா குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. அதோடு ரஞ்சிக்கு விடாத காய்ச்சல். கொட்டும் மழையில் எங்கே கொண்டு போவது? காய்ச்சல் விடுகிறவரைக்கும் அவள் ராக்காயியின் மடியை விட்டு இறங்கவில்லை. விட்ட பிறகும் இறங்கவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு ராக்காயி காய்ச்சல் இன்னும் இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

புரட்டாசியில் மழை விட்டு வெயில் வந்தது. கொழுந்து தளதளவென்று பொங்கியது. அந்த நேரம் பார்த்து, கொழுந்துக்காரி ராசம்மா கால் வீங்கிப் படுத்துவிட்டாள். அவள் புருஷன் தம்பையா, நிறுவை மடுவத்தில் சாக்குத் தூக்குகிறவன். நீண்ட நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள் என்று ராசம்மா அழுதாள். இந்தப் பக்கம் மீனம்மா, பிடியரிசி தின்பது தொண்டையில் இறங்கவில்லை என்று அழுதாள். இரண்டு அழுகையையும் கேட்ட ராக்காயிக்கு ஒரு யோசனை வந்தது. ராசம்மாவின் பேருக்கு மீனம்மா போகட்டும். பேர் அவளுக்கு நிற்கும், சம்பள அரிசியில் பாதி இவளுக்கு. கொழுந்து மலையில் தலையை மூடுகிற கொங்காணி போட்டு அதன்மேல் கூடைக் கயிறு மாட்டினால் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்? செல்லசாமி கங்காணி காதில் விழாததுபோல இருந்துவிட்டார்.

மீனம்மாவை உட்காரவைத்து ராக்காயி பாடம் நடத்தினாள். பேர் என்ன? ராசம்மா. புருஷன் பேர்? தம்பையா. எந்த லயம், எத்தனையாவது காம்பரா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டாமல் சொல்ல வேண்டும் என்று மிரட்டினாள். மீனம்மா பயந்த சுபாவம். சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். தொட்டில் பிள்ளைகளுக்கே அந்தப் பாடம் வந்திருக்கும்.

சில நாள் ஓடியது. மீனம்மாவின் கை வயல் கை. இரண்டு இலையும் ஒரு அரும்புமாகக் கிள்ள வேண்டிய இடத்தில் அவள் நாற்றுப் பறிப்பதுபோலப் பிடித்து இழுத்தாள். முத்தலும் தண்டுமாகக் கூடை நிறைந்தது. பக்கத்து நிரைப் பெண்கள் தங்கள் கொழுந்தை மேலே தூவி மூடிக் கொடுத்தார்கள். ஒருநாள் அந்திக்கு நிறுவை மடுவத்துக்குத் துரையே வந்துவிட்டார். வந்தவர் நேராக மீனம்மாவின் கூடைக்குள் கையை விட்டார். மேல் கொழுந்து சரிந்தது. அடியிலிருந்து ஒரு தண்டை உருவி எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"ஒன் பேரு என்னா?"

"ராசம்மாங்க."

"புருஷன் பேரு?"

"தம்பையா" என்றாள் மீனம்மா. சத்தமாக, தெளிவாக, சொல்லிக் கொடுத்தபடி.

மடுவம் அப்படியே நின்றது. பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாக்கைத் தூக்கிய தம்பையா, அடி வாங்கினவன்போல அதைக் கீழே போட்டான். கட்டின புருஷன் பேரை வாயால் சொல்கிற பெண் எந்த லயத்தில் இருக்கிறாள்? செத்தாலும் சொல்ல மாட்டாள். பக்கத்தில் நிற்கிறவளை இடித்து அவளைச் சொல்லவைப்பாள். அல்லது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். மீனம்மாவும் வீரய்யாவின் பேரை ஒருநாளும் சொன்னவளில்லை. ஆனால் தம்பையா அவளுக்கு யாரோதானே? நாக்கு தடுக்கவில்லை. இத்தனை பாடம் நடத்திய ராக்காயிக்கு இந்த ஒன்று தோன்றாமல் போனதே. இருபது வருஷமாக நல்லமுத்துவை 'அந்த மனுஷன்' என்றே சொல்லி வந்தவளுக்கு!

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்கப்பிள்ளை அழகையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கெட்டவரில்லை. கணக்கு சரியாக இல்லாவிட்டால் சோறு இறங்காத சாதி. இது தம்பையாவின் மனைவி இல்லை என்று துரையிடம் சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிள்ளைக் காம்பராவிலிருந்து ராக்காயி காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, பேர் கொடுக்கச் சொன்னதும் நான்தான், தங்க வைத்ததும் நான்தான், கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று முன்னால் நின்றாள். காலையில் ஆபீசுக்கு வா என்று சொல்லிவிட்டுத் துரை குதிரை ஏறினார். என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வீரய்யா குடும்பம் வெளியே. ராக்காயிக்கும் நல்லமுத்துவுக்கும் பத்துச்சீட்டு.

வீட்டுக்கு வந்து ராக்காயி அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. திட்டவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து, உன் சோற்றிலும் மண்ணைப் போட்டேனே என்று புருஷனிடம் அழுதாள். நல்லமுத்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பேசியது அன்றைக்கு மட்டும்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் லயத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கிற பேச்சு அது ஒன்றுதான்.

"நாம ரெண்டே பேரு. எங்கயும் போயிக்கலாம். அது புள்ளக்காரி. அதுக்கு என்னா வழின்னு யோசி" என்றான்.

ராக்காயி யோசித்தாள். அவள் வாழ்க்கையில் சத்தம் போடாமல் யோசித்தது அந்த ஒரு பொழுதுதான்.

காலையில் ஆபீஸ் வாசலில் மீனம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வீரய்யா மூட்டையைக் கட்டி எடுத்தே வந்துவிட்டான். ரஞ்சி அந்த மூட்டையைக் கேட்டு வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ராக்காயிக்கு அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது.

துரை சொல்ல வேண்டியதைச் சொன்னார். ராக்காயி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, போன மாதம் லயத்தில் ஒரு குடும்பம் ஊருக்குக் கப்பலேறியதில் கொழுந்து மலையில் ஒரு கூடை குறைகிறதே, உண்டா இல்லையா என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாள். உண்டு என்றார் அவர். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது துரைக்கும் தெரியும்.

"அந்தக் கூடைய எனக்குக் குடுங்க தொரைங்களே. புள்ளக் காம்பராவ இவகிட்டக் குடுங்க. இவளுக்குக் கொழுந்து எடுக்க வராது, புள்ள வளக்க வரும். ஒரு பேருகூடக் கூடாது, கொறையாது" என்றாள் ராக்காயி.

கணக்கப்பிள்ளை அதை இங்கிலீசில் சொன்னார். சொல்லிவிட்டு, கேளாமலே தன் சொந்தப் பேச்சாக இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தார். இவள் எடுத்த காலத்தில் இவள் கூடையில் ஒரு தண்டு இருந்ததில்லை என்று சொன்னாராம். துரை அவளுடைய கோணல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கால்?"

"கால் என்னோடதுதானுங்களே, தொரைங்களே."

துரை தயவுள்ளவராக மாறிவிடவில்லை. அவருக்குக் கொழுந்து கீழே வரவேண்டும். அவ்வளவுதான். யோசித்துவிட்டு, சரி என்று கையசைத்தார். வீரய்யாவுக்குப் பேர் கிடையாது. வேண்டுமானால் கான் வெட்டுகிற கொந்தரப்பு ஒப்பந்த வேலையில் சேர்ந்துகொள்ளட்டும். இன்னொரு தரம் இப்படிச் செய்தால் பேச்சே இல்லை. மீனம்மா என்ற பேர் கணக்கில் ஏறியது. ஒரு காம்பரா கிடைத்தது.

ராக்காயி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மீனம்மா கையை நீட்டவில்லை.

"வேணாம் சின்னம்மா. ஒங்க எடத்த நான் எப்படி எடுத்துக்குவேன்?"

ராக்காயி அவள் கையைப் பிடித்துச் சாவியை வைத்து மூடினாள். மூடிவிட்டு, எந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஆறியிருக்க வேண்டும், எது தொட்டிலில் தலைகீழாகத் திரும்பும், எதற்குப் பாட்டு வேண்டும், எதற்குத் திட்டு வேண்டும் என்று ஆபீஸ் வாசலில் இருந்து லயம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மறுநாள் பெரட்டில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு ராக்காயி நின்றாள். ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. ஏற்றத்தில் அன்னம்மா பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். ராசம்மாவின் பெரிய மகள் மேலிருந்து கை கொடுத்தாள். நிரையில் நின்றதும் விரல்கள் பழசை மறக்கவில்லை என்று தெரிந்தது. முழங்கால் மட்டும் படிக்குப் படி அவளைத் திட்டியது. முதல் தரமாக ராக்காயி திட்டு வாங்கினாள்.

பொழுது உச்சிக்கு ஏறியபோது கீழே கொம்பு ஊதியது. பால் கொடுக்கிற தாய்மார் மட்டும் இறங்கிப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்வரலாம் என்று அர்த்தம். அவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மாரில் பால் கட்டிய அவசரத்தில் சரிவில் இறங்கினார்கள். மற்றவர்கள் குனிந்தபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராக்காயியும் கூடையை இறக்கினாள். படங்கில் கையைத் துடைத்துக்கொண்டு தாய்மாரின் பின்னால் நடந்தாள்.

செல்லசாமி கங்காணி மேல் நிரையிலிருந்து பார்த்தார். விதி விதிதானே என்று குரல் கொடுத்தார்.

"ராக்காயி, நீ எங்க போற? ஒனக்கு அங்க எந்தப் புள்ள அழுகுது?"

அவள் நின்றாள். திரும்பியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

"அழுகுறது புள்ளையில்ல கங்காணி. நான்தான்."

கங்காணி அடுத்த நிரைப் பக்கம் திரும்பிவிட்டார். கீழே போய்க்கொண்டிருந்த தாய்மார் அவளுக்காக நின்றார்கள். ஒருத்தி ஏறி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு ராக்காயி கொழுந்தெடுத்த காலம் முழுவதும், உச்சிக்குக் கொம்பு ஊதினால் பிள்ளைக்காரிகளோடு அவளும் இறங்கிப் போனாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.